20 முதல் 50 டிகிரி வரை என்று அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாகனப் பக்கத்தில், வெயில் காலத்தில் காரைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒரு குறிப்பு போட்டிருந்தீர்கள். டயர் காற்று, ரேடியேட்டர் தண்ணீர், ஏசி என்று எழுதியதெல்லாம் சரிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்ஜின் ஆயிலுக்கு வந்த இடத்தில்தான் தூக்கிவாரிப்போட்டது. டப்பாவில் 20டபிள்யூ-50 என்று இருந்தால் அது 20 டிகிரி முதல் 50 டிகிரி வரை வெப்பம் அடிக்கும் ஊர்களுக்கான ஆயில், 0டபிள்யூ-20 என்பது பனி பெய்யும் நாடுகளுக்கானது, ஆகவே தமிழ்நாட்டு வெயிலுக்கு 20டபிள்யூ-50 ஊற்றுவதே நல்லது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் கார் ஸ்டாண்டில் ஒருவர் அதைக் கத்தரித்து டீக்கடைச் சுவரில் ஒட்டியே வைத்துவிட்டார். அந்த ஸ்டாண்டில் நிற்கும் கார்களில் முக்கால்வாசி கடந்த ஐந்தாறு வருடத்தில் வாங்கியவை. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மதுரையில் இரண்டு கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். ஒன்றை நான் ஓட்டுகிறேன், இன்னொன்றுக்கு டிரைவர் போட்டிருக்கிறேன். ஒரு வண்டி மாதம் நாலாயிரம், ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடும். சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுவார்கள் என்றால் நான் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். இன்ஜினியரிங் படிக்கவில்லை, ஆனால் இந்த விஷயத்தில் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது உண்டு.

முதலில் அந்த எண்கள். டபிள்யூ என்றால் வெயிட் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது விண்டர், குளிர்காலம். எஸ்ஏஇ என்ற அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் 1911ல் ஆரம்பித்து வைத்த தர வரிசை இது, இன்றைக்கு உலகம் பூராவும் இதைத்தான் பின்பற்றுகிறார்கள். டபிள்யூவுக்கு முன்னால் வரும் எண், இன்ஜின் சில்லென்று கிடக்கும்போது ஆயில் எவ்வளவு கெட்டிப்படும் என்பதற்கான அடையாளம். 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியில் வைத்துச் சோதிக்கிறார்கள், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30ல், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15ல். அந்தக் குளிரிலும் ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுற்றிவிடும் அளவுக்கு அது இளக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆக 0 என்றால் பூஜ்ஜியம் டிகிரியும் இல்லை, கெட்டித்தன்மை பூஜ்ஜியம் என்றும் இல்லை. பின்னால் வரும் எண், ஆயில் 100 டிகிரி சூட்டில் இருக்கும்போது எப்படி ஓடுகிறது என்பதற்கு. அந்தச் சூட்டில் 20 என்ற ஆயில் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக் வரை இருக்கும், 30 என்பது 9.3 முதல் 12.5 வரை, 40 என்பது 16.3 வரை, 50 என்பது 21.9 வரை. இதில் எங்கே ஐயா ஊர் வெயில் வருகிறது?

சென்டிஸ்டோக் என்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். பாகுத்தன்மை என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் சொல்வார்களே, அதன் அளவுதான். நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள். அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சும்போது அடுப்பில் இருக்கிறவரை கரண்டியிலிருந்து சரசரவென்று ஒழுகும், இறக்கி வைத்து ஆறினால் கரண்டியே நகராது. பாகு அதேதான், சூடுதான் வேறு. உங்கள் குறிப்பில் இதை அடர்த்தி என்று எழுதியிருந்தீர்கள், அது தப்பு. அடர்த்தியில் பார்த்தால் எல்லா இன்ஜின் ஆயிலும் தண்ணீரைவிட லேசு, எல்லாம் தண்ணீரில் மிதக்கும். விளக்கெண்ணெயும்தான் மிதக்கும், அது ஓடுகிற லட்சணம் எல்லோருக்கும் தெரியும். (அந்தக் காலத்து ரேஸ் கார்களிலும் விமானங்களிலும் விளக்கெண்ணெய் கலந்துதான் ஊற்றினார்கள், காஸ்ட்ரால் என்ற பெயரே விளக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். இது சும்மா சொல்கிறேன்.)

இப்போது நம் ஊர் வெயிலுக்கு வருவோம், ஏனென்றால் எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் இதுதான். மே மாதம் மதுரையில் வெளியே 40 டிகிரி அடிக்கிறது, சரி. இன்ஜினுக்குள் ஆயில் என்ன சூட்டில் இருக்கிறது? அரை மணி நேரம் ஓடிய பிறகு ஏறக்குறைய 90 முதல் 110 டிகிரி. கொடைக்கானலில் டிசம்பரில் ஓடினாலும் அந்தப் பக்கம்தான் இருக்கும், ஏனென்றால் ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைத் தெர்மோஸ்டாட் என்ற வால்வு ஒரே அளவில் பிடித்து வைத்திருக்கிறது, அதை ஒட்டித்தான் ஆயிலும் நிற்கும். நாலு பேரும் மேல் கேரியரில் மூட்டையுமாக மலை ஏறினால் கொஞ்சம் கூடும், அது உண்மை. ஆனால் ஆயிலுக்கு நம் வெயில் ஒரு பெரிய சமாச்சாரமே இல்லை. 2003 மே 31ஆம் தேதி சென்னையில் 45 டிகிரி அடித்தது, அன்றைக்கு நான் தாம்பரத்தில் பாசஞ்சருக்காகக் காத்துக்கொண்டிருந்தேன், தார் ரோடு செருப்பில் ஒட்டியது. அந்த 45 டிகிரிகூட ஓடுகிற இன்ஜின் ஆயிலின் சூட்டில் பாதிதான்.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது, அதை யாருமே யோசிப்பதில்லை. இங்கே குளிரே இல்லையே, முன்னால் இருக்கும் எண் நமக்கு எதற்கு, 0 ஆனால் என்ன 20 ஆனால் என்ன என்று கேட்கிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன். ராத்திரி நிறுத்திவைத்த வண்டியைக் காலையில் எடுக்கும்போது ஆயில் 28, 30 டிகிரியில் இருக்கிறது. நமக்கு அது புழுக்கம், ஆயிலுக்கு அது குளிர்தான். 100 டிகிரியில் எட்டு சென்டிஸ்டோக் இருக்கும் 0டபிள்யூ-20 ஆயில், 40 டிகிரிக்கு ஆறும்போது நாற்பதைத் தாண்டிவிடும். அதே 40 டிகிரியில் சாதாரண 20டபிள்யூ-50 நூற்றைம்பதைத் தாண்டி நிற்கும். இன்னும் ஆறினால் இன்னும் கெட்டி. அதாவது மெக்கானிக்குகள் தண்ணி மாதிரி இருக்கிறது என்று உதறித் தள்ளும் அந்த ஆயிலே, அதிகாலையில் இன்ஜினுக்குத் தேவையானதைவிட ஐந்து மடங்குக்கு மேல் கெட்டியாகத்தான் கிடக்கிறது. தண்ணீரோடு ஒப்பிட்டால் ஐம்பது மடங்குக்கும் மேல். இதில் 20டபிள்யூ-50 ஊற்றினால் ஆயில் மேலே ஏறி ஒவ்வொரு சந்துக்கும் போய்ச் சேர அவ்வளவு கூடுதல் நேரம் பிடிக்கும். காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பி, காய்கறி வாங்கி, பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பி நிறுத்துகிறவர்களுக்கு ஆயில் ஒழுங்காகச் சூடாகிற நேரமே கிடைப்பதில்லை.

என் கதைக்கு வருகிறேன். இப்போது நான் ஓட்டும் பெட்ரோல் கார் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வாங்கியது. ஆயில் ஊற்றும் மூடியிலேயே 0டபிள்யூ-20 என்று பொறித்திருக்கும். வாரண்டி முடியும்வரை கம்பெனி சர்வீஸ், அப்புறம் வெளிப் பட்டறை. பட்டறைக்காரர் நல்ல மனிதர், இருபது வருடப் பழக்கம், பெயர் வேண்டாம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "என்னண்ணே இது, தண்ணி கணக்கா இருக்கு, நம்ம வெயிலுக்கு இது நிக்குமா" என்றார். 20டபிள்யூ-50 ஊற்றினார். விலையும் பாதிக்குப் பாதி குறைச்சல், எனக்கும் சந்தோஷம். ஓட்டும்போது இன்ஜின் சத்தம்கூட முன்னைவிட அடங்கின மாதிரி இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

டீசலோ பெட்ரோலோ, டேங்க் நிறைய அடித்து கிலோமீட்டரைக் குறித்து வைப்பது என் வழக்கம், அப்பா அம்பாசடர் ஓட்டிய காலத்திலிருந்து வீட்டில் அந்த நோட்டு உண்டு. லிட்டருக்குப் பதினெட்டு சொச்சம் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி பதினேழரைக்கு இறங்கியது. வெயில், ஏசி, லோடு என்று நூறு காரணம் இருக்கலாம் என்று விட்டுவிட்டேன். ஜனவரியில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போய் ராத்திரி தங்கினோம். விடிகாலை நல்ல குளிர், கண்ணாடியெல்லாம் ஈரம். வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் முன்பக்கம் டைமிங் செயின் இருக்கும் இடத்தில் கரகரவென்று சத்தம், ஐந்தாறு வினாடி, அப்புறம் நின்றுவிட்டது. அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஏரியைச் சுற்றி வருவதற்குள் டேஷ்போர்டில் இன்ஜின் லைட் வந்துவிட்டது. மதுரைக்கு வந்து ஸ்கேனர் போட்டுப் பார்த்தால் வால்வு டைமிங் மெதுவாகத் திரும்புகிறது என்று பழுதுக் குறியீடு காட்டியது.

ஸ்கேனர் வைத்திருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். முதல் கேள்வியே என்ன ஆயில் ஊற்றியிருக்கிறீர்கள் என்பதுதான். இப்போது வரும் இன்ஜின்களில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டை முன்னும் பின்னும் திருப்பும் வேலையை ஆயில்தான் செய்கிறது, அதற்குப் போகும் துவாரங்கள் ஊசிக் காது மாதிரி, கம்ப்யூட்டர் இத்தனை வேகத்தில் திரும்ப வேண்டும் என்று எதிர்பார்க்கும், கெட்டி ஆயில் அந்த வேகத்துக்கு ஓடாது என்றான். 0டபிள்யூ-20 மாற்றினோம். அந்தப் பழுதுக் குறியீட்டை அழித்தான். லைட் திரும்ப வரவில்லை, மைலேஜும் பழையபடி ஆனது. ஒரு வண்டியில் ஒரு தடவை நடந்ததை வைத்து உலகத்துக்குச் சட்டம் போட முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் வாரண்டியில் இருக்கும் புது வண்டிக்கு இப்படி நடந்து, கம்பெனிக்காரர்கள் என்ன ஆயில் ஊற்றினாய் என்று கேட்டால், உங்கள் பத்திரிகைக் கட்டிங்கைக் காட்டினால் விடுவார்களா?

பட்டறைக்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் தொழில் கற்றது அம்பாசடரிலும் பழைய டீசல் ஜீப்பிலும். அந்த இன்ஜின்களில் இடைவெளிகள் தாராளம், கடையில் கிடைத்ததும் 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50, அதற்கும் முன்னால் வெறும் 40 என்று ஒற்றை எண் ஆயில். அந்த வண்டிக்கு அது சரியான ஆயில்தான், இன்றைக்கும் ஒருவர் அம்பாசடர் வைத்திருந்தால் 0டபிள்யூ-20 ஊற்றச் சொல்ல மாட்டேன். வண்டி மாறிவிட்டது, விரலில் தேய்த்துப் பார்க்கிற பழக்கம் மட்டும் மாறவில்லை. இப்போது வரும் சில மாருதி பெட்ரோல் கார்களுக்கு 0டபிள்யூ-16 என்று போட்டிருக்கிறது, அதைத் தொட்டுப் பார்த்தால் அவருக்கு மயக்கமே வந்துவிடும்.

கம்பெனிக்காரன் மைலேஜ் கணக்குக் காட்டத்தான் மெல்லிய ஆயில் சொல்கிறான், இன்ஜின் ஆயுளைப் பற்றி அவனுக்கு என்ன கவலை என்று ஸ்டாண்டில் ஒரு வாதம் எப்போதும் ஓடும். அதில் பாதி உண்மை இருக்கிறது. கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று அரசாங்கம் கம்பெனிகளுக்கு வரம்பு வைத்திருக்கிறது, 2017-18ல் சராசரி 130 கிராம், 2022-23ல் 113 கிராம். மெல்லிய ஆயில் அதற்கு உதவுகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஆயிலுக்குத் தகுந்த மாதிரி பம்ப், பேரிங் எல்லாவற்றையும் சேர்த்துத்தானே செய்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் இன்னொன்று சுற்றுகிறது, அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் மெல்லிய ஆயிலைக் கைவிட்டுவிட்டது என்று. நடந்தது இதுதான். 2025 ஏப்ரலில் 6.2 லிட்டர் வி8 இன்ஜின் போட்ட பெரிய வண்டிகள், அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய ஆறு லட்சத்தை, திரும்ப அழைத்தார்கள். கிராங்க் ஷாஃப்டிலும் கனெக்டிங் ராடிலும் தயாரிப்புக் குறை. சோதனையில் தேறிய வண்டிகளுக்கு 0டபிள்யூ-20க்குப் பதிலாக 0டபிள்யூ-40 ஊற்றி, ஆயில் மூடியையும் மாற்றிக் கொடுத்தார்கள். கெட்டி ஆயில் கூடுதல் பாதுகாப்பு தரும் இடம் உண்டு என்பதற்கு இது நல்ல சாட்சி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கவனியுங்கள், அப்போதும் முன்னால் இருந்த 0 அப்படியே இருக்கிறது. பின்னால் இருக்கும் எண்ணை மட்டும்தான் ஏற்றினார்கள், அதையும் மூடியில் பொறித்துக் கொடுத்தார்கள். 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்லவில்லை.

அப்படியென்றால் கெட்டியாக ஊற்றவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. வண்டியோடு கொடுக்கும் கையேட்டைப் புரட்டுங்கள். பல வண்டிகளுக்கு ஒரே ஒரு கிரேடு இல்லாமல் இரண்டு மூன்று கொடுத்திருப்பார்கள், சிலவற்றில் வெளி வெப்பநிலையை வைத்துக் கோடு போட்ட படமும் இருக்கும். இதில் மட்டும் ஊர் வெயில் வருகிறது, அதுவும் அந்த இன்ஜினைச் செய்தவர்கள் போட்ட கணக்கில். 0டபிள்யூ-20ம் போடலாம் 5டபிள்யூ-30ம் போடலாம் என்று இருந்தால், நாலு பேரோடு நாள் முழுக்க நாற்கரச் சாலையில் ஓடுகிற வாடகை வண்டிக்கு நான் 5டபிள்யூ-30 பக்கம்தான் போவேன். சாயந்தரம் கோயிலுக்குப் போய்வரும் வண்டிக்கு 0டபிள்யூ-20.

என் இன்னொரு வண்டி இரண்டரை லட்சம் கிலோமீட்டர் தாண்டியது, பழைய இன்ஜின், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தது. 5டபிள்யூ-30 ஓடிக்கொண்டிருந்ததை 10டபிள்யூ-40க்கு மாற்றினேன், குடிப்பது குறைந்தது. அந்த வண்டியின் கையேட்டில் அந்த கிரேடும் இருக்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்தது தேய்ந்ததுதான், ஆயில் மாற்றியதால் அது வளரப்போவதில்லை. செலவைத் தள்ளிப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிஎஸ்6 டீசலில் புகைக் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கிறது. அதற்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும், டப்பாவில் சி2, சி3 என்று ஏசிஇஏ தரம் (ஐரோப்பிய கார் கம்பெனிகள் சங்கத்தின் தரம்) போட்டிருக்கும், உங்கள் வண்டிக்கு எது என்பது கையேட்டில் இருக்கும். எண் மட்டும் பொருந்தி இந்தத் தரம் பொருந்தாவிட்டால் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அதன் விலை கேட்டால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். பைக்கிலும் இதே மாதிரி ஒரு தப்பு நடக்கிறது. காருக்கு ஊற்றி மிஞ்சிய அரை லிட்டரை என் டிரைவர் தன் பைக்கில் ஊற்றிவிட்டான். பெரும்பாலான பைக்கில் கிளட்ச் அதே ஆயிலில்தான் ஊறிக் கிடக்கிறது, கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கப் போடும் சேர்மானம் கிளட்சை வழுக்கவிட்டது, திருமங்கலம் மேம்பாலத்தில் இன்ஜின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை. பைக்குக்கு ஜாஸோ எம்ஏ என்ற ஜப்பானியத் தரம் போட்ட டப்பாதான் வேண்டும்.

அதனால் ஐயா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். மூடியையும் கையேட்டையும் பாருங்கள் என்று இரண்டு வரி போதும். போட்டால் டீக்கடைச் சுவரில் பழையதன்மேல் நானே ஒட்டிவிடுகிறேன்.

கூடவே ஒன்று எழுதினால் புண்ணியமாகப் போகும். என் பில் கட்டைப் புரட்டிப் பார்த்தேன். வெளிப் பட்டறை பில்லில் "ஆயில் 1" என்று இருக்கிறது, அவ்வளவுதான். கம்பெனி சர்வீஸ் பில்லில்கூடச் சில தடவை "இன்ஜின் ஆயில் 3.5 லிட்டர்" என்று மட்டும். என்ன கிரேடு, என்ன தரம், எதுவும் கிடையாது. மருந்துக் கடை பில்லில் மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று இருக்கிறது, இதில் இல்லை. கிரேடு 0டபிள்யூ-20, தரம் ஏபிஐ எஸ்பி (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் தரம்) என்று நாலு எழுத்து பில்லில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வாசகர்கள் கேட்டு வாங்கட்டும். காலி டப்பாவையும் கையில் வாங்கி, மறுபடி நிரப்பி விற்க முடியாதபடி ஓட்டை போட்டுவிட்டு வரட்டும். போன வாரம் நான் அப்படி எழுதித் தரச் சொன்னேன், பட்டறைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் எழுதிக் கொடுத்தார்.

இப்படிக்கு,
வாடகைக் கார் உரிமையாளர் ஒருவர்,
மதுரை.